படப்பெட்டியைத் தொட்டது யார்?

"யார் தொட்டது?"

பள்ளிப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே, கூடத்தின் நடுவில் நின்று கத்தினாள் கடுகு.

கடுகு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. ஆள் சிறியவள், சூடு பட்டால் வெடிப்பாள் என்பதால் வீட்டில் வைத்த பெயர். பதினோரு வயதாகியும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை. போகிற மாதிரி அவளும் நடந்துகொள்ளவில்லை.

"எதைத் தொட்டது?" சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"படப்பெட்டியை!"

தொலைக்காட்சிக்குக் கீழே, அலமாரித் தட்டில், செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதில் ஒரு பச்சை விளக்கு எப்போதும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்குச் சொந்தமான படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. ரிமோட்டை அழுத்தினால் திரையில் வரிசையாக வந்து நிற்கும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்.

ஒரு காலத்தில் அந்தப் பெட்டி குப்பைமேடாக இருந்தது. யார் யாரோ கொடுத்த படங்கள் 'புதியது', 'புதியது 2', 'இதுதான் புதியது' என்ற ஃபோல்டர்களில் தாறுமாறாகக் கிடந்தன. போன பெரிய விடுமுறையில் கடுகுதான் உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் ஒழுங்காகப் பெயர் வைத்தாள். வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி ஃபோல்டர் பிரித்தாள். 'அம்மா அழும் படங்கள்' என்று ஒன்று. 'அப்பா தூங்காத படங்கள்' என்று ஒன்று. 'ரேடியோ பயப்படுவான், பகலில் மட்டும்' என்று ஒன்று. ரேடியோ என்பது அவளுடைய தம்பி. ஐந்து வயது. தூங்கும்போது மட்டும்தான் வாயை மூடுவான். சில நாள் அதுவும் கிடையாது. 'யாருக்கும் பிடிக்காது, ஆனால் அழிக்கக் கூடாது' என்றுகூட ஒரு ஃபோல்டர் இருந்தது.

இப்போது திரையில் அவற்றில் ஒன்றையும் காணோம். வருடவாரியாக, மொழிவாரியாக, ஆங்கில எழுத்துகளில், பட்டாளம் மாதிரி விறைப்பாக நின்றன படங்கள்.

"எப்படி இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே சோபாவிலிருந்து எழுந்தார் சித்தப்பா.

சித்தப்பா அப்பாவின் தம்பி. தூரத்து நகரம் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. ஏதோ அலுவலகப் பயிற்சிக்காக வந்தவர், அது முடியும்வரை இவர்கள் வீட்டில் தங்கியிருந்தார். நல்லவர். கேட்டால் எதையும் செய்து கொடுப்பார். கேட்காவிட்டாலும் செய்து கொடுப்பார். அதுதான் தொல்லை.

"காலையிலேர்ந்து இதுதான் வேலை, பாப்பா. படம் எல்லாத்துக்கும் பேர் மாத்தி, வருஷம் போட்டு, ஜம்முனு அடுக்கிட்டேன். பொடிப்பொடியா ஏகப்பட்ட ஃபைல் ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. அத்தனையும் தூக்கிப் போட்டுட்டேன்."

கடுகு பையைக் கீழே போட்டாள். "என்ன ஃபைல்?"

"வெறும் எழுத்து ஃபைல். யாருக்கு வேணும் அது?"

"குப்பைத்தொட்டியில இருக்குமில்ல? எடுத்துடலாம்ல?"

"அதையும் காலி பண்ணிட்டேன். சித்தப்பா அரைகுறையா வேலை செய்யறவன் இல்ல!"

கடுகுக்குக் காது இரண்டும் சூடானது.

அந்தப் பொடிப்பொடி ஃபைல்கள்தான் கீழ்வரிகள். படத்தில் ஆட்கள் பேசப் பேச, திரையின் கீழே எழுத்தாக ஓடுமே, அவை. ஒவ்வொரு படத்தோடும் அதே பெயரில் ஒரு சின்ன ஃபைல் இருக்க வேண்டும். அப்போதுதான் பெட்டி அதைக் கண்டுபிடித்துக் காட்டும்.

அவை அப்பாவுக்காக இருந்தவை.

அப்பாவுக்குத் தகடு வெட்டும் ஆலையில் வேலை. அங்கே இயந்திரங்கள் நாள் முழுவதும் இடி இடிக்கும். அந்த இடி கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய காதைத் தின்றுவிட்டது. காதுக்கருவி இருந்தது. அதைப் போட்டுக்கொண்டால் எதிரில் நின்று பேசுகிறவர் பேச்சு புரியும். ஆனால் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும், தகர டப்பாவைப் படிக்கட்டில் உருட்டிவிட்ட மாதிரி இருக்குமாம்.

அதனால்தான் கடுகு ஒவ்வொரு படத்துக்கும் கீழ்வரி தேடித் தேடிச் சேர்த்தாள். அப்பாவுக்கு மிகவும் பிடித்த கழுதைப் படத்துக்கு மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. ஆகவே அவளே எழுதினாள். ஒரு வரி கேட்பாள், நிறுத்துவாள், தட்டச்சு செய்வாள், மறுபடி ஓட்டுவாள். விடுமுறையில் பாதி அதிலேயே போயிற்று. விரல் நுனி மரத்துப் போயிற்று.

அதுவும் போய்விட்டது. 'யாருக்கு வேணும்' என்று போய்விட்டது.

"யாராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று கத்தினாள் கடுகு. "உங்க வீட்டுப் பெட்டியா இது? தெரியாத விஷயத்துல எதுக்குக் கை வைக்கறீங்க?"

சித்தப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"கடுகு!" அம்மா கரண்டியோடு வந்தார். "வீட்டுக்கு வந்தவங்ககிட்டப் பேசற பேச்சா இது? மன்னிப்புக் கேளு."

"கேக்க மாட்டேன்!"

உள்ளே ஓடிக் கதவை ஓங்கி அறைந்தாள். விரல் நசுங்கக் கூடாது என்று ரேடியோவுக்காக அந்தக் கதவில் ரப்பர் ஒட்டியிருந்தார்கள். கதவு மெத்தென்று மூடிக்கொண்டது. அதற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"கீழ்வரி எல்லாம் போயிடுச்சும்மா," என்றாள் கடுகு தலையணைக்குள்ளிருந்து. "கழுதைப் படத்துதும்."

அம்மா அவள் முதுகைத் தடவினார். பிறகு, "எனக்கும் இப்ப கோபமாத்தான் இருக்கு," என்றார்.

"அப்ப போய்ச் சொல்லு!"

"எப்படிச் சொல்றது? தன் காது விஷயம் தம்பிக்குத் தெரியக் கூடாதுன்னு உங்க அப்பா சொல்லியிருக்காரே."

அது உண்மைதான். சித்தப்பா வந்த நாளிலிருந்து அப்பா காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா என்ன கேட்டாலும் உதட்டைப் பார்த்து ஒரு குத்துமதிப்பாகப் பதில் சொல்வார்.

"அண்ணே, வேலை எல்லாம் எப்படிப் போகுது?" என்று சித்தப்பா கேட்பார்.

"எட்டரை மணி பஸ்லதான்," என்பார் அப்பா.

ரேடியோ விழுந்து விழுந்து சிரிப்பான். சித்தப்பாவின் முகம் சுருங்கிப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்தார்கள். சித்தப்பா நல்ல நகைச்சுவைப் படம் ஒன்றைப் போட்டார். கடுகு படத்தைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

அப்பாவும் படத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் முகத்தைப் பார்த்தார். அம்மா சிரித்தால் சிரித்தார். சித்தப்பா தொடையைத் தட்டினால் தானும் தட்டினார். ஒரு தடவை ரேடியோ கொட்டாவி விட்டதைச் சிரிப்பு என்று நினைத்து அப்பா தனியாகச் சிரித்துவிட்டார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அப்பா எழுந்தார். "குழாய் சொட்டுது போல. பாத்துட்டு வரேன்."

குழாய் ஒன்றும் சொட்டவில்லை. அப்பா திரும்பியும் வரவில்லை.

"அண்ணனுக்கு என்கூட உக்காரவே பிடிக்கல," என்று சித்தப்பா முணுமுணுத்தார். அம்மா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

கடுகு எழுந்து பின்பக்கம் போனாள். அப்பா துணி உலர்த்தும் இடத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தார். அவள் அவர் முன்னால் போய், முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி நின்றாள்.

"சித்தப்பாகிட்டச் சொல்லுங்கப்பா."

"விடும்மா. படம்தானே."

"படம்தானேவா? அவரு செஞ்சது தப்பு. நீங்க ஏன் சும்மா இருக்கீங்க?"

அப்பா ஒரு துணிக்கவ்வியை எடுத்துத் திறந்து திறந்து மூடினார்.

"அவன் சின்னப் பையனா இருந்தப்ப அவனை முதுகுல தூக்கிக்கிட்டு மரம் ஏறுவேன். இப்பவும் அவனுக்கு நான் அந்த அண்ணன்தான். அவன் முன்னாடி காது கேக்காத கிழவனா நிக்கச் சொல்றியா?"

"நீங்க கிழவன் இல்ல. பொய்யன்!" என்றாள் கடுகு. சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள்.

அப்பாவுக்கு அது கேட்டதோ இல்லையோ, உதட்டில் படித்துவிட்டார். துணிக்கவ்வியைக் கொடியில் மாட்டிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் மாலை மறுபடியும் படம். நேற்றுப் பார்த்ததன் மீதி. சித்தப்பா எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருத்தினார். திரையில் ஒருவர் நீளமாக ஏதோ பேசினார். அம்மாவும் சித்தப்பாவும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"கால் மரத்துப் போச்சு. கொஞ்சம் நடந்துட்டு..."

அவ்வளவுதான். கடுகு ரிமோட்டைப் பிடுங்கிச் சத்தத்தை அடியோடு நிறுத்தினாள்.

"ஏய், சத்தம் வை!" என்றார் சித்தப்பா.

"வைக்க மாட்டேன்."

"இப்பதான் முக்கியமான இடம். அவன் என்ன சொல்றான்னே தெரியலையே!"

"தெரியலையா?" கடுகு ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "அப்ப சும்மா சிரிங்க சித்தப்பா. பக்கத்துல இருக்கறவங்க முகத்தைப் பாத்துச் சிரிங்க. எங்க அப்பா அப்படித்தான் பாக்கறாரு! அவருக்குக் கேக்காது. நீங்க குப்பைன்னு தூக்கிப் போட்டீங்களே, அதைப் படிச்சுத்தான் அவரு படம் பாத்துக்கிட்டிருந்தாரு!"

ரேடியோகூடப் பேசவில்லை.

அப்பா எல்லோருடைய முகங்களையும் ஒரு தடவை பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"உன்னை யாரு இதைச் சொல்லச் சொன்னா?" என்று கடுகிடம் கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டார்.

சித்தப்பா பின்னாலேயே ஓடினார். படிக்கட்டில் இருவரும் சண்டை போடுவது வீட்டுக்குள் கேட்டது. வீட்டுக்குள் மட்டுமா, மாடி வீட்டுக்கும் கேட்டது.

"எத்தனை வருஷமா இப்படி?" என்று கத்தினார் சித்தப்பா.

"என்ன?"

"எத்தனை வருஷமான்னு கேட்டேன்!"

"அது எதுக்கு உனக்கு?"

"எதுக்கா? நான் போன் பண்ணினா உடனே அண்ணிகிட்டக் குடுத்துடறீங்க. நேர்ல வந்தா முகத்தைத் திருப்பிக்கறீங்க. என்னை வேண்டாம்னு ஒதுக்கிட்டீங்கன்னு நெனச்சேன். எவ்வளவு கோபம் தெரியுமா எனக்கு? அதனாலதான் உங்களுக்குப் பிடிக்கணும்னு அந்தப் பெட்டியை உக்காந்து அடுக்கினேன்!"

"மெதுவா பேசுடா. ஊருக்கே கேக்குது."

"மெதுவா பேசினா உங்களுக்குக் கேக்காதே!"

மாடியில் ஒரு கதவு திறந்தது. "எனக்கு நல்லாவே கேக்குது," என்றது ஒரு குரல். கதவு மூடிக்கொண்டது.

அதற்கு மேல் படிக்கட்டில் சத்தம் இல்லை. இருவரும் உள்ளே வர வெகு நேரமாயிற்று.

மறுநாள் காலை அப்பா வேலைக்குக் கிளம்பினார். தினமும் போகும்போது கடுகின் தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். அன்று தட்டவில்லை.

பள்ளியில் கணக்குப் பாடம் அவள் தலையில் ஏறவில்லை. சித்தப்பா மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. அது நியாயமான கோபம்தான், எத்தனை தடவை யோசித்தாலும் அதில் குறை தெரியவில்லை. ஆனால் எறிந்த கல் சித்தப்பா மேல் படுவதற்கு முன்னால் அப்பா மேல் பட்டுவிட்டது. அது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

மாலையில் அப்பா வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது அவள் துண்டோடு போய் எதிரில் நின்றாள். அப்பாவின் காதில் கருவி இருந்தது. சித்தப்பா கூடத்தில் இருந்தும் கழற்றவில்லை.

"அப்பா, நான் கோபப்பட்டது தப்பில்ல," என்றாள். "ஆனா உங்க விஷயத்தைச் சொன்னது தப்பு. பொய்யன்னு சொன்னதும் தப்பு."

அப்பா துண்டை வாங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு இன்னும் கோபம்தான்," என்றார்.

"சரிப்பா."

"நாளைக்குப் போயிடும்."

"சரிப்பா."

துண்டை அவள் தோளில் போட்டுவிட்டுப் போனார்.

கூடத்தில் சித்தப்பா மடிக்கணினியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். கடுகைப் பார்த்ததும் தொண்டையைச் செருமினார்.

"பாப்பா, மத்தப் படத்துக்கெல்லாம் எழுத்தைத் தேடி எடுத்துட்டேன். கழுதைப் படத்துக்கு மட்டும் எங்க தேடியும் கிடைக்கல."

"கிடைக்காது."

"ஏன்?"

"அது எங்கேயும் இல்ல. நான் எழுதினது."

சித்தப்பா மடிக்கணினியை மெல்ல மூடினார். "முழுப் படத்துக்குமா?"

"முழுப் படத்துக்கும்."

"அதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய காதுமடல் சிவந்திருந்தது. கடுகுக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனாலும் அதை அவள் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. எடுத்த எடுப்பில் காட்டினால் கோபத்துக்கு என்ன மரியாதை?

"சரி, எழுந்து வாங்க," என்றாள். "எல்லாத்தையும் திரும்ப அடுக்கணும். ஆனா நீங்களா எதையும் தொடக் கூடாது. நான் சொல்றதை மட்டும் பண்ணணும்."

"சரி."

"அழிக்கற பட்டன் பக்கம் விரலே போகக் கூடாது."

"போகாது."

முதலில் ஃபோல்டர்கள். கடுகு சொல்லச் சொல்ல சித்தப்பா தட்டினார். 'அம்மா அழும் படங்கள்' வந்தது. 'அப்பா தூங்காத படங்கள்' வந்தது. படங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே பெயரில் அதனுடைய கீழ்வரி.

"'யாருக்கும் பிடிக்காது, ஆனால் அழிக்கக் கூடாது'. இதுல எதைப் போடறது?" என்று கேட்டார் சித்தப்பா.

"அதுல உங்க கல்யாண வீடியோ இருந்துச்சு."

சித்தப்பா அவளையே பார்த்தார். "அப்படியா," என்று சொல்லிவிட்டு, அந்த ஃபோல்டரையும் எழுத்துப் பிசகாமல் உருவாக்கினார்.

அடுத்தது கழுதைப் படம். அதில் ஒரு திருட்டு வழக்கு வரும். திருடனைப் பார்த்தது ஒரு கழுதை மட்டும்தான். அதனால் அதை நீதிமன்றத்துக்கே ஓட்டிக்கொண்டு வருவார்கள்.

கடுகு ஒரு வரி கேட்டாள், நிறுத்தினாள், தட்டச்சு செய்தாள். மறுபடி ஓட்டினாள். ஏற்கெனவே ஒரு தடவை செய்த வேலை. செய்யச் செய்ய மறுபடி எரிச்சல் பொங்கியது. முதல் காட்சி முடிவதற்குள், மிச்சமிருந்த படத்தை நினைத்து அவளுக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது.

"கனம் நீதிபதி அவர்களே, என் கழுதை பொய் சொல்லாது!" என்று மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அது உண்மையும் சொல்லாதே அப்பனே!"

கடுகு குனிந்து பார்த்தாள். ரேடியோ ஒரு பொம்மைக் காரை ஓட்டிக்கொண்டே, படம் அங்கே வருவதற்கு முன்பே, வழக்கறிஞர் குரலிலும் நீதிபதி குரலிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தான்.

"டேய், உனக்கு எவ்வளவு வசனம் தெரியும்?"

"எல்லாமே தெரியும்," என்றான் ரேடியோ. "யாரும் கேக்க மாட்டேங்கறீங்க."

கடுகு அவனை இழுத்து மேசைமேல் உட்கார வைத்தாள். "சொல்லு."

ரேடியோ சொன்னான். வாழ்நாளில் முதல் தடவையாக, 'வாயை மூடு' என்று யாரும் சொல்லாமல், 'அப்புறம், அப்புறம்' என்று கேட்டால் சும்மா இருப்பானா? மழையாகக் கொட்டினான். கடுகின் விரல்கள் அவனுக்குப் பின்னால் ஓடின.

"'சாச்சியைக் கூப்பிடு!' அப்படின்னு நீதிபதி சொல்வாரு. உடனே கழுதை வரும்."

"சாச்சி இல்லடா. சாட்சி. சாட்சியைக் கூப்பிடு."

"இல்ல, சாச்சிதான். அந்தக் கழுதை பேரு சாச்சி."

சித்தப்பா வாயைப் பொத்திக்கொண்டார். கடுகு எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். ரேடியோ கைகளைக் கட்டிக்கொண்டான். சாச்சி என்று எழுதாவிட்டால் அடுத்த வசனம் கிடையாது என்றான். வேறு வழியில்லாமல் சாச்சி என்றே எழுதினாள்.

இப்படியாக அந்த வாரம் முழுவதும், பள்ளிவிட்டு வந்ததும் இதே வேலை. ரேடியோ சொல்வான், கடுகு எழுதுவாள். எந்த வரி எப்போது வர வேண்டும், எப்போது மறைய வேண்டும் என்று சித்தப்பா நேரம் குறிப்பார். அம்மா வந்து, சாச்சியை மட்டும் விட்டுவிட்டு, எழுத்துப் பிழை திருத்திவிட்டுப் போவார். அப்பா கூடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மூவரும் மடிக்கணினியைப் படாரென்று மூடினார்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் கிளம்பும்போது மட்டும் கடுகின் தலையில் மறுபடி இரண்டு தட்டு விழ ஆரம்பித்திருந்தது.

கடைசி நாள் சித்தப்பா திடீரென்று நிறுத்தினார்.

"பாப்பா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். இந்த வரி எல்லாம் அவங்க பேசறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே வரட்டுமா? அண்ணன் சின்ன வயசுலேர்ந்தே மெதுவாத்தான் படிப்பாரு. படிச்சு முடிக்க நேரம் கிடைக்கும். நீ சரின்னா மாத்தறேன். இல்லன்னா வேண்டாம்."

கடுகு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். அப்பா மெதுவாகப் படிப்பார் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் முன்பு எழுதியபோது அதை யோசிக்கவே இல்லை.

"மாத்துங்க சித்தப்பா," என்றாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவள் குரலில் கடுப்பு இல்லை.

சனிக்கிழமை பிற்பகல் அப்பாவை நடு சோபாவில் உட்கார வைத்தார்கள். அவருக்கு இருபுறமும் கடுகும் சித்தப்பாவும். அம்மா பிரம்பு மோடாவை இழுத்துப் போட்டுக்கொண்டார். ரேடியோ தரையில்.

கழுதைப் படம் தொடங்கியது. கீழே எழுத்து வந்தது.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கடுகைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். "இது திரும்ப எப்படி வந்துச்சு?" என்றார்.

"படத்தைப் பாருங்க," என்றாள் கடுகு, உதட்டைக் கடித்துக்கொண்டு.

அப்பா திரையைப் பார்த்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. நீதிமன்றக் காட்சி வந்தது. வழக்கறிஞர் எழுந்து நின்று கறுப்பு அங்கியைச் சரி செய்தார். வாயை இன்னும் திறக்கவே இல்லை.

அப்பா பலமாகச் சிரித்தார்.

எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் வழக்கறிஞர், "என் கழுதை பொய் சொல்லாது!" என்றார். எல்லோரும் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"அப்பா!" என்றாள் கடுகு. "முன்னாடியே சிரிச்சா எங்களுக்கு எப்படிச் சிரிப்பு வரும்?"

"நான் என்னம்மா செய்யறது? எனக்கு முன்னாடியே தெரிஞ்சுடுதே!"

நீதிபதி நாற்காலியில் நிமிர்ந்தார். அப்பா கீழே படித்தார். "சாச்சியா?" என்று கேட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கையை நீட்டி ரேடியோவின் காதைத் திருகினார். அதற்குப் பிறகு நீதிபதி நிதானமாக, "சாட்சியைக் கூப்பிடு!" என்றார்.

"அண்ணே, இது அநியாயம்!" என்று சித்தப்பா கத்தினார்.

"கத்தாதடா. காதுல கருவி இருக்கு."

கடுகுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சோபாவிலிருந்த சிறு தலையணையைத் தூக்கி அப்பாவின் மடியில் எறிந்தாள். பிறகு அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கண்ணைத் திரையின் அடியிலேயே பதித்தாள். இந்தத் தடவை அப்பாவை முந்த விடக் கூடாது. அவள் எங்கே பார்க்கிறாள் என்று கவனித்த சித்தப்பாவும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கீழ்வரியைப் பார்த்தார். அம்மாவும் மோடாவை முன்னால் நகர்த்தினார். படிக்கத் தெரியாத ரேடியோவுக்கு அது தேவையே இல்லை.

கழுதை சாட்சிக் கூண்டில் ஏறியது. நீதிபதி அதை உற்றுப் பார்த்தார். கீழே எழுத்து ஓடியது.

கழுதை வாயைத் திறப்பதற்கு முன்பே வீடு முழுவதும் சிரித்துவிட்டது.